ட்ரிகரை மாற்றுவதற்கு முன்னும் பின்னும்: .22 இலக்கு ரைஃபிள் வைத்திருக்கும் புதியவர்களுக்கு

.22 ரைஃபிளில் இலக்குச் சுடத் தொடங்கியவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி, "ட்ரிகரை மாற்றினால் ஸ்கோர் ஏறுமா?" என்பது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கல்லூரி என்.சி.சி.யில் .22 டீலக்ஸ் ரைஃபிளைப் பிடித்துப் பழகியவர்கள். பிறகு ஆர்வம் கூடி, புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிப் போய்ச் சுடுகிறார்கள். அங்கே பக்கத்து இடத்தில் படுத்திருப்பவரின் ஜெர்மன் அன்சூட்ஸ் இலக்கு ரைஃபிளின் ட்ரிகரை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்தாலும் போதும், தன் ரைஃபிளின் ட்ரிகர் மேல் வெறுப்பு வந்துவிடும்.

ஸ்கோர் ஏறும் என்பதுதான் என் பதில். ஆனால் புதுப் பாகம் வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் இருப்பதைச் சுத்தம் செய்ய வேண்டும், அளக்க வேண்டும், தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் திருகுகளை வைத்துச் சரிசெய்ய வேண்டும். இந்த மூன்றையும் பொறுமையாக முடித்தவர்களில் பலருக்குப் புது ட்ரிகர் தேவைப்படுவதே இல்லை. லேசான ட்ரிகர்தான் நல்ல ட்ரிகர் என்ற எண்ணத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே எடையில், அதாவது விரலின் அதே அழுத்தத்தில், விடுகிற ட்ரிகர்தான் நல்ல ட்ரிகர். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் தேடப் போகிறோம்.

ஒரு கணக்கு

50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. அதாவது நடுவிலிருந்து ஓரம் வரை 5.2 மி.மீ. தோளில் பதிந்த கட்டையிலிருந்து குழல் முனை வரை சுமார் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் அழுத்தும் நேரத்தில் முனை ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், 50 மீட்டர் தள்ளி அது 5 மி.மீ. ஆகிறது. நடுவில் விழ வேண்டிய குண்டு வளையத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. ஒரு தாளின் கனமளவு அசைவுக்கே இந்த விலை.

இதோடு ட்ரிகர் எடையையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று கிலோ ரைஃபிள், ஒன்றரைக் கிலோ ட்ரிகர் என்றால், ரைஃபிளின் எடையில் பாதியளவு விசையை ஒற்றை விரலால் கொடுக்கிறீர்கள். அந்த விசை நேர் பின்னால் போகாமல் கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும் முனை அசையும். பெரிய போட்டிகளில் சுடுகிறவர்கள் கனமான ரைஃபிளில் நூறு கிராம் அளவில் ட்ரிகரை வைத்துக்கொள்வது இதனால்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ட்ரிகர் எடைக்குச் சர்வதேச விதி கீழ்வரம்பே வைக்கவில்லை. உள்ளூர்ப் போட்டிகளில் தனி விதி இருக்கலாம். கலந்துகொள்ளும் முன் கருவிப் பரிசோதனை மேசையில் கேட்டுவிடுங்கள்.

சட்டம் தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்

.22 ரைஃபிள் உரிமம் வேண்டிய ஆயுதம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே ஆயுதத்தின் பாகங்களும் அடங்கிவிடுகின்றன. தீப்பெட்டி அளவு ட்ரிகர் தொகுதியும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். வெளிநாட்டு இணையக் கடையில் ஆர்டர் போட்டுக் கூரியரில் வரவழைத்தால், 10ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாத இறக்குமதி ஆகிவிடும். "சின்ன பார்சல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று நண்பர்கள் சொன்னால் கேட்காதீர்கள். சுடும் வாழ்க்கையே அத்தோடு முடிந்துபோகும்.

5ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் உருமாற்றுவதற்கும் தனி உரிமம் கேட்கிறது. எனவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே முறை. வெளிப்புறச் சுத்தம், அளவு எடுப்பது, கையேடு உரிமையாளருக்கென்று அனுமதிக்கும் திருகுகளைத் திருப்புவது ஆகியவை உங்களுடையவை. ட்ரிகர் தொகுதியைக் கழற்றுவது, புதியதைப் பொருத்துவது, ட்ரிகருக்குள் இருக்கும் ஸியரைத் தொடுவது எல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்குடையவை. கொடுக்கும்போது அவருடைய உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் உரிம நகலைக் கொடுங்கள், என்ன வேலை, என்ன பாகம் என்று எழுதிய ரசீதை வாங்குங்கள்.

என்.சி.சி. ரைஃபிள், கிளப் ரைஃபிள் எதையும் திருகவே கூடாது. கோச் சொன்னால் அவரே செய்யட்டும்.

நம் ஊர் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடியில் நல்ல லேத்துப் பட்டறைகள் இருக்கின்றன, பொற்கொல்லர்களின் அரம் முடியளவு வேலையைக் கூடச் செய்யும். அந்தத் திறமையை ட்ரிகருக்குக் கூப்பிடாதீர்கள். ஸியர் என்பது, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலையோ ஊசியையோ பிடித்து நிறுத்தும் எஃகு விளிம்பு. பல ரைஃபிள்களில் அதன் மேற்பரப்பு மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும், அந்தப் படலம் மிக மெல்லியது. அரம் பட்டால் அடியிலுள்ள மெத்தென்ற எஃகு வெளியே வந்துவிடும். முதல் வாரம் ட்ரிகர் வெண்ணெயாக இருக்கும். பிறகு அந்த விளிம்பு மழுங்கத் தொடங்கும். ஒருநாள் போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் உருளையை) மூடும்போதே தோட்டா வெடிக்கும்.

எங்கே உட்கார்ந்து செய்வது

செட்டிநாட்டு வீடுகள் நீளமானவை. முகப்பில் நின்றால் வளவைத் தாண்டி இரண்டாம் கட்டு, பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். அந்த நேர்கோடுதான் ஆபத்து. வீட்டில் யாராவது குறுக்கே நடந்துகொண்டேயிருப்பார்கள். அதனால் வளவிலும் முகப்பிலும் ரைஃபிளை எடுக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை, தடித்த பழைய சுவர் இருக்கும் பக்கம், சுவருக்கு அப்பால் ஆள் புழங்காத இடம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். "வெறுந்துப்பாக்கிதான் ஆச்சி" என்று சொன்னாலும் "வெறுமையா இருந்தாலும் ஆளுக்கு நேரே நீட்டாதேடா" என்று ஆச்சி சொல்வாரே, உலகத்தின் எல்லாச் சுடும் ரேஞ்சுகளிலும் முதல் விதி அதுதான்.

தோட்டாப் பெட்டி அந்த அறைக்குள் வரவே கூடாது. வேறு அறையில் பூட்டி, சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்காருங்கள். மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து, குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் மறுபடி இதே சோதனைதான்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சின்னத் திருகோ ஸ்பிரிங்கோ விழுந்தால் வழுக்கிக்கொண்டு எங்கோ போய்விடும். மேசை மேல் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, ஓரங்களை மடித்துவிட்டு, அதன் மேல் வேலை செய்யுங்கள்.

முதலில் சுத்தம்

ட்ரிகர் கனமாக, நறநறவென்று இருக்கிறது என்று வருகிற ரைஃபிள்களில் நிறைய அழுக்கால் கெட்டவை. .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடி விளிம்புக்குள் இருக்கிறது. குண்டின் மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். சுடச் சுட இந்த மெழுகும் புகைக்கரியும் போல்ட்டின் வழியாக ட்ரிகருக்குள் இறங்குகின்றன. நம் பக்கத்துச் செம்மண் புழுதி அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. ரேஞ்சுக்குப் போகும் வழியெல்லாம் பையை ஜிப் போடாமல் வைத்திருப்பவர்களின் ரைஃபிளில் செம்மண் படலத்தையே பார்க்கலாம்.

இதற்கு வீட்டிலிருக்கும் எண்ணெயை விடுவதுதான் பெரிய கெடுதல். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். மார்கழிக் காலையில் ட்ரிகர் ஒரு மாதிரி, மதியம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். நாளாக ஆகப் பிசுக்காகவும் மாறும். தையல் மிஷின் எண்ணெயை ஊற்றினால் புழுதியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும். டபிள்யூ.டி. 40 ஈரத்தை விரட்டப் பயன்படும், ஆனால் ட்ரிகருக்குள் பீய்ச்சினால் அதன் எச்சம் நாளடைவில் பிசினாகும். பெரும்பாலான இலக்கு ட்ரிகர்கள் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில்தான் நன்றாக வேலை செய்யும். எங்கே, எவ்வளவு எண்ணெய் என்று கையேடு சொன்னால் அந்த இடத்தில் ஊசி முனையளவு மட்டும்.

வெளியிலிருந்து செய்யக்கூடியது இவ்வளவுதான்: போல்ட்டை வெளியே எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் ட்ரிகரைச் சுற்றிய புழுதியைத் துடைத்துவிட்டு, போல்ட்டின் முகத்தையும் ஊசி வரும் வழியையும் துணியால் துடைப்பது. உள்ளே கழுவ வேண்டியிருந்தால் மெக்கானிக் தொகுதியைக் கழற்றி, எச்சம் விடாத கரைப்பானில் கழுவிக் காயவைப்பார். புது ட்ரிகருக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் இந்த ஒரு சர்வீஸைச் செய்து பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஏ.சி. காரிலிருந்து ரைஃபிளை எடுத்து ஈரக்காற்றில் உடனே திறந்தால் குளிர்ந்த எஃகின் மேல் நீர்த்துளி படியும். பையோடு அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். உலோக அரிப்பைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடக்கும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் ஊர் நம்முடையது. நம் ஊர் ரைஃபிளில் துரு ஏறுவதற்கு நாம் இடம்கொடுக்கக் கூடாது.

அளப்பது: தண்ணீர் பாட்டில் போதும்

ட்ரிகர் எடையைக் கைக்கணக்கில் சொல்ல முடியாது. கொஞ்சம் களைத்திருந்தால் ஒரே ட்ரிகர் இரண்டு மடங்கு கனமாகத் தோன்றும். இதற்கென்று டிஜிட்டல் கருவி விற்கிறார்கள், கிளப்பில் இருக்கும். இல்லையென்றாலும் தண்ணீரை வைத்தே துல்லியமாக அளக்கலாம்.

மழமழப்பான கம்பித் துண்டு ஒன்றைக் கொக்கியாக வளைத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் கட்டுங்கள். ஒரு கிலோவை ஒட்டிய ட்ரிகருக்குப் பெரிய பாட்டில், நூறு கிராம் ட்ரிகருக்கு மருந்து பாட்டில். தோட்டா அறைக்குள் வெடிமருந்தில்லாத டம்மி தோட்டாவை வைத்து, போல்ட்டை மூடி, ரைஃபிளை முனை மேலே பார்க்கச் செங்குத்தாக நிறுத்துங்கள். மாடியில் ஆள் இருக்கும் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். கொக்கியை ட்ரிகரில் விரல் படும் இடத்தில் மாட்டுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீரைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ட்ரிகர் விட்ட கணத்தில் நிறுத்தி, பாட்டிலையும் கொக்கியையும் சேர்த்துச் சமையல்கட்டு டிஜிட்டல் தராசில் போடுங்கள். அதுதான் எடை.

இரண்டு கட்ட ட்ரிகராக இருந்தால் நடுவில் ஓர் இடத்தில் ட்ரிகர் மெல்ல நகர்ந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும். அங்கே நிறுத்தி ஒரு முறை எடை போட்டால் முதல் கட்டத்தின் எடை தெரியும். தொடர்ந்து தண்ணீர் விட்டால் மொத்த எடை கிடைக்கும்.

இதைக் குறைந்தது பத்து முறை செய்து நோட்டில் எழுதுங்கள். சராசரியை விட, மிக அதிகமான எண்ணுக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு கிலோ ட்ரிகரில் அந்த இடைவெளி ஐம்பது கிராமுக்குள் இருந்தால் நல்ல ட்ரிகர், அதைத் திட்ட வேண்டியதில்லை. இருநூறு கிராம் என்றால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எடையை மட்டும் குறைத்தால் பிரச்சினை அப்படியே இருக்கும், கூடவே பாதுகாப்பும் போகும்.

டம்மி தோட்டாவை விட்டுவிடாதீர்கள். .22 ரைஃபிளில் ஊசி தோட்டாவின் விளிம்பைத்தான் அடிக்கிறது. அறை காலியாக இருந்தால் சில ரைஃபிள்களில் ஊசி நேராக அறையின் விளிம்பு எஃகில் மோதி அங்கே பள்ளம் விழும். பிறகு தோட்டா சரியாக உட்காராது, சுட்ட கூடு வெளியே வராது. உங்கள் ரைஃபிள் இதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். தாங்கும் என்று இருந்தாலும் பளிச்சென்ற நிறத்தில் டம்மி போடுவது நல்லது, நிஜத் தோட்டா இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும்.

திருகுகளோடு பேசுவது

ஒற்றைக் கட்ட ட்ரிகரில் விரலை வைத்ததும் சுவர் இருக்கும், அழுத்திக்கொண்டே போனால் விட்டுவிடும். இரண்டு கட்ட ட்ரிகர் வண்டியின் கிளட்ச் மாதிரி: முதலில் கொஞ்சம் ப்ளே, அதன் முடிவில் பிடிமானம் தெரியும், அதற்கப்புறம்தான் நிஜமான வேலை. இலக்குச் சுடுவதற்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் கட்டத்தை எடுத்துச் சுவரில் நின்றதும் விரலுக்கு "இங்கே இருக்கிறோம்" என்று தெரிந்துவிடுகிறது. மூச்சை நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, அந்தச் சுவரைத் தாண்ட மனசு வராவிட்டால் விரலை எடுத்துவிடலாம்.

எந்தத் திருகு எதற்கு என்று உங்கள் ரைஃபிளின் கையேடு சொல்லாவிட்டால் அந்தத் திருகைத் தொடாதீர்கள். அரக்கோ பெயிண்டோ போட்டு மூடியிருக்கும் திருகு தயாரிப்பாளர் உங்களுக்குச் சொல்லும் செய்தி: இது உனக்கானது இல்லை. சி.இசட். 457 போன்ற ரைஃபிள்களில் எடையைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே திருகு தந்திருக்கிறார். அன்சூட்ஸ் 5018 போன்ற பெரிய இலக்கு ட்ரிகர்களில் முதல் கட்ட எடை, இரண்டாம் கட்ட எடை, ஸியர் பிடிப்பு, நிறுத்தும் இடம், விரல் தட்டின் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு.

தொடங்கும் முன் ஒவ்வொரு திருகின் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் நெயில் பாலிஷால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். கோடுகள் நேராகச் சேர்ந்தால் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரியான அளவு ஆலன் கீ, சரியான அகலத்தில் ஸ்க்ரூ டிரைவர். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு திருகு மட்டும், திருப்பியதும் அளந்து எழுதுங்கள்.

வரிசை இப்படி இருந்தால் குழப்பம் குறையும்.

முதலில் விரல் தட்டின் இடம். இதைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயம். கையைப் பிடியில் இயல்பாக வைத்தால் ஆள்காட்டி விரலின் நுனிக்கும் முதல் மூட்டுக்கும் நடுவிலுள்ள சதைப்பகுதி தட்டில் நேராகப் பட வேண்டும். விரலின் பக்கம் கட்டையில் உரசக் கூடாது. உரசினால் அழுத்தும்போதெல்லாம் கட்டையைத் தள்ளுகிறீர்கள், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய ட்ரிகரும் அதைக் காப்பாற்றாது. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கை சிறியது, தட்டைப் பின்னால் நகர்த்த வேண்டியிருக்கும். இதை மட்டும் சரிசெய்துவிட்டு இரண்டு வாரம் சுடுங்கள், மற்றத் திருகுகளுக்கு வேலையே இல்லாமல் போகலாம்.

அடுத்து, விட்ட பிறகு ட்ரிகர் பின்னால் ஓடும் தூரத்தை நிறுத்தும் திருகை வெளியே தளர்த்தி வையுங்கள். மற்றவற்றைச் சரிசெய்யும்போது அது குறுக்கே வரக் கூடாது.

பிறகு ஸியர் பிடிப்பு. கையேடு உரிமையாளருக்கு அனுமதித்திருந்தால் மட்டும். பிடிப்பு அதிகமாக இருந்தால் சுவருக்கு அப்புறம் ட்ரிகர் இழுத்துக்கொண்டே போகும், எப்போது விடும் என்று தெரியாது. பிடிப்பு குறைந்தால் கண்ணாடி உடைவது போலச் சுத்தமாக விடும், அந்தச் சுகத்துக்கு ஆசைப்பட்டு இன்னும் குறைக்கத் தோன்றும். அங்கேதான் நிறுத்த வேண்டும். இழுவை மறைந்த இடத்திலிருந்து கால் சுற்று பின்னால், பாதுகாப்பான பக்கத்துக்கு, வந்துவிடுங்கள். முதல் கட்டம் முடியும் இடத்தில் சுவரே தெரியாமல் விட்டுவிட்டால் பிடிப்பு போய்விட்டது என்று பொருள், உடனே திரும்புங்கள்.

அப்புறம் எடை. இரண்டு கட்ட ட்ரிகரில் மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை முதல் கட்டத்தில் வையுங்கள். விரல் தயங்காமல் ப்ளேயை எடுக்கும், மிச்சத்தைத் தாண்டக் கொஞ்சம் அழுத்தினால் போதும். எவ்வளவு எடை? சாதாரண ஒற்றைக் கட்ட ரைஃபிளுக்கு முதல் வருடத்தில் எழுநூறு, எண்ணூறு கிராம் வசதியானது. இலக்கு ரைஃபிளின் இரண்டு கட்ட ட்ரிகருக்கு நூற்றைம்பது, இருநூறு கிராமில் தொடங்கச் சொல்வேன். நூறு கிராமுக்கு இறங்குவது விரல் தன் வேலையை மனப்பாடம் செய்த பிறகு. தயாரிப்பாளர் சொன்ன கீழ் எல்லையைத் தாண்டி ஒரு கிராம் கூடக் குறைக்காதீர்கள். குட்டையான ஸ்பிரிங் போடுவது, ஸ்பிரிங்கை வெட்டுவது எல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக நிறுத்தும் திருகு. டம்மியோடு ட்ரிகரை விட்டு, விட்ட இடத்துக்குப் பின்னால் மிகக் கொஞ்சம் ஓட்டம் மிச்சமிருக்கும்படி உள்ளே கொண்டுவாருங்கள். முழுக்க இறுக்கிவிட்டால் அன்றைக்கு வேலை செய்யும். ஒரு பொட்டுப் புழுதி சேர்ந்த நாளில் ட்ரிகர் விடவே விடாது, போட்டி நடுவில் அது நடந்தால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

திருகு அசையாமல் இருக்கக் கையேடு கேட்டால், கழற்ற முடிகிற மென்மையான ரகப் பூட்டுத் திரவத்தில் ஒரு சொட்டு. ஃபெவிக்விக் கூடவே கூடாது, கசிந்து ஸியர் வரை போய்விடும்.

தட்டிப் பார்க்காமல் ரேஞ்சுக்குப் போகாதீர்கள்

எந்தத் திருகைக் கால் சுற்று திருப்பினாலும், மெக்கானிக் எந்தப் பாகத்தை மாற்றினாலும், கீழே இருப்பது முழுவதையும் டம்மியோடு செய்யுங்கள். மெக்கானிக் கடையிலேயே அவர் முன்னால் செய்து பார்க்கலாம், நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போல்ட்டை வேகமாக, பலமாக மூடுங்கள். ஊசி விழாமல் நிற்க வேண்டும். இருபது முறை. அடுத்து, போல்ட் மூடி விசை ஏறிய நிலையில், தடித்த ரப்பர் பாயின் மேல் கட்டையின் அடியை ஒரு சாண் உயரத்திலிருந்து இறக்குங்கள். பிறகு ரப்பர் சுத்தியலால் கட்டையின் இரண்டு பக்கமும், ட்ரிகருக்கு மேலேயும் தட்டுங்கள். சேஃப்டி இருந்தால் அதைப் போட்டுவிட்டு ட்ரிகரை வழக்கத்தை விட பலமாக இழுத்து விடுங்கள், பிறகு விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியைத் தள்ளுங்கள். அந்த நேரத்தில் ஊசி விழுந்தால் அந்த ரைஃபிள் மிக ஆபத்தானது. முதல் கட்டத்தைப் பாதி எடுத்து விட்டுப் பாருங்கள், ட்ரிகர் தானாக முழுக்க முன்னால் திரும்ப வேண்டும்.

இவற்றில் ஒரே ஒரு முறை தவறினாலும் அந்த ரைஃபிள் அன்றைக்குச் சுடக்கூடாது. "இருபதில் ஒன்றுதானே" என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். படுத்துச் சுடும் வரிசையில் ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் ஒருவர், பின்னால் கோச். அந்த ஒன்று எந்தத் திசையில் நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கோடுகளைப் பார்த்துப் பழைய இடத்துக்குத் திருப்பி மறுபடி சோதியுங்கள், அப்போதும் தவறினால் மெக்கானிக்கிடம்.

ரேஞ்சில் முதல் சில சுற்றுகள் ஒற்றைத் தோட்டாவாக, கோச் பக்கத்தில் நிற்க, முனை இலக்கை நோக்கியபடியே போல்ட்டை மூடிச் சுடுங்கள்.

புதுத் தொகுதி எப்போது வாங்கலாம்

சுத்தம் செய்தாயிற்று, அளந்தாயிற்று, திருகும் வரை திருகியாயிற்று, இன்னும் எடை கிலோவுக்கு மேல் அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு என்றால் அப்போது யோசிக்கலாம். ரைஃபிளைத் தயாரித்தவரே தரும் இலக்கு ட்ரிகர் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. டிம்னி போன்ற தனித் தயாரிப்பாளர்கள் சில மாடல்களுக்கு மட்டும் செய்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வருடத்துக்கு வருடம் உள்ளமைப்பு மாறியிருக்கும், உங்கள் ரைஃபிளின் மாடலையும் வரிசை எண்ணையும் கொடுத்து உரிமம் பெற்ற டீலர் வழியாகக் கேளுங்கள்.

பணம் குறைவாக இருந்தால் என் யோசனை வேறு. ட்ரிகருக்கு வைத்த பணத்தில் இரண்டு மூன்று ரகத் தோட்டாக்களை, ஒவ்வொன்றிலும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுப்பில்) வாங்கி, எது உங்கள் குழலுக்குச் சேருகிறது என்று பாருங்கள். .22 ரைஃபிள் தோட்டா விஷயத்தில் மிகவும் பிடிவாதமானது. பொருந்தாத தோட்டாவோடு உலகத்தின் சிறந்த ட்ரிகரும் எட்டைத்தான் சுடும்.

தொகுதியைப் பொருத்தும் நாளில் முடிந்தால் மெக்கானிக் பக்கத்தில் உட்காருங்கள். "அண்ணே, எடையை எங்கே வச்சிருக்கீங்க, எந்தத் திருகை நான் தொடலாம்?" என்று கேளுங்கள். அவர் கட்டையிலிருந்து ரைஃபிளைப் பிரித்திருப்பார். திரும்பப் பூட்டும்போது கட்டைத் திருகுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கையேடு நியூட்டன் மீட்டர் கணக்கில் சொல்லும், அந்த அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) இறுக்கச் சொல்லுங்கள். கை பலத்தில் இறுக்கினால் குண்டுகள் விழும் இடம் மாறும், நீங்களோ புது ட்ரிகரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கட்டை பிரிந்து சேர்ந்ததால் ரேஞ்சில் குறியையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும்.

முன்னேற்றம் தெரிவது தாளில்

வேலைக்கு முன்னால் ஒரே லாட் தோட்டாவில், படுத்த நிலையில், ஐந்து ஐந்தாகச் சில தாள்கள் சுட்டு எடுத்துவையுங்கள். வேலைக்குப் பின்னால் அதே தோட்டாவில், முடிந்தால் அதே காலை நேரத்தில் சுடுங்கள், பங்குனி, சித்திரையில் வெயில் ஏறியபின் கானல் ஆடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஐந்தில் மிக விலகிய குண்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள். நல்ல ட்ரிகர் சராசரியை லேசாகத்தான் தூக்கும், ஆனால் காரணம் தெரியாமல் ஏழுக்கும் ஆறுக்கும் ஓடும் குண்டுகளைக் கணிசமாகக் குறைக்கும்.

சுட்டதும் தொலைநோக்கியில் பார்க்கும் முன் இலக்கைக் கடிகார முகமாக வைத்து, "மூன்று மணிப் பக்கம், ஒன்பது" என்று திசையையும் புள்ளியையும் நீங்களே சொல்லிப் பழகுங்கள். சொன்னதும் விழுந்ததும் பொருந்தத் தொடங்கினால் ட்ரிகரும் விரலும் ஒத்துப்போய்விட்டன. புது எடைக்கு விரல் பழகச் சில வாரம் பிடிக்கும். அந்தக் காலத்தில் தினமும் கால் மணி நேரம் டம்மியோடு சுவரைப் பார்த்துப் பயிற்சி செய்வது ரேஞ்சில் ஐம்பது தோட்டா செலவழிப்பதை விடப் பயன் தரும்.

காற்று ரைஃபிள்காரர்களுக்கும் மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தும். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் உள்ள காற்று ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். ஆனால் ஸ்பிரிங் வகையைப் பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள், பிஸ்டன் அடிபடும். இலக்குக்கான அழுத்தக் காற்று ரைஃபிள்களில் வெறுமனே பயிற்சி செய்ய என்றே தனி ஏற்பாடு இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். 10 மீட்டர் இலக்கில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி, ஆகவே விரல் தட்டின் இடம் அங்கே இன்னும் பெரிய விஷயம்.

வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர் பாட்டில் சோதனையையும் தட்டும் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். தேர்தல் காலத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய ரைஃபிளுக்கும் இது கட்டாயம். எங்கே, எப்படிச் சாய்த்து வைத்திருந்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

கழற்றிய பழைய ட்ரிகரைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் கொடுக்காதீர்கள். அதுவும் சட்டப்படி ஆயுதத்தின் பாகம். லேசாக எண்ணெய் தடவி, ஜிப் கவரில் போட்டு, ரைஃபிளின் வரிசை எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி, மெக்கானிக் ரசீதோடு உரிமக் கோப்பு இருக்கும் அதே பெட்டியில் பூட்டி வையுங்கள். நாளை ரைஃபிளை முறைப்படி இன்னொரு உரிமதாரருக்கு மாற்றிக்கொடுத்தால் அதையும் சேர்த்தே டீலரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.